வியாழன் மாலையே பஸ் ஏறுங்கள்: டான் சாய் பேய்த் திருவிழாவுக்குச் சிக்கனமாகப் போய்வரச் சில கேள்விகளும் பதில்களும்

தாய்லாந்தின் வடகிழக்கே லோய் மாகாணத்தில் டான் சாய் என்றொரு சிற்றூர் இருக்கிறது. ஆண்டில் மூன்று நாள் நடக்கும் திருவிழாவில் அந்த ஊர்த் தெருக்களில் நீள மூக்கும் கோரப் பல்லுமாகப் பேய்கள் ஆடித் திரியும். பாங்காக்கில் வேலை பார்க்கும் நான் இரண்டு முறை பஸ்ஸிலேயே அங்கே போய்வந்தேன். முதல் முறை பாதியைக் கோட்டைவிட்டேன். அதிலிருந்து, போக நினைக்கும் நண்பர்கள் என்னைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டதால், வழக்கமாக வரும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

திருவிழாவின் பெயர் என்ன?

ஃபி தா கோன். முதல் எழுத்தை அவர்கள் 'ப'கரமாகத்தான் உச்சரிக்கிறார்கள். அதை அப்படியே தமிழில் எழுதினால் என்ன சொல் வரும் என்று உங்களுக்கே தெரியும். அதனால் ஆய்த எழுத்தின் துணையை நாடியிருக்கிறேன். 'ஃபி' என்ற சொல்லுக்குப் பேய் அல்லது ஆவி என்று பொருள். 'மனிதர்களைப் பின்தொடர்ந்து வந்த பேய்கள்' என்ற தொடர்தான் திரிந்து இந்தப் பெயர் ஆனது என்று ஊரில் சொல்கிறார்கள்.

பேயாட்டம் தனி விழா அன்று. புன் லுவாங் என்னும் பெரிய புண்ணிய விழாவின் ஒரு பகுதி அது. வெஸ்ஸந்தர இளவரசரின் கதையைக் கேட்கும் விழாவும் மழை வேண்டி மூங்கில் வாணம் விடும் விழாவும் சேர்ந்ததுதான் புன் லுவாங். பேய்கள் ஏன் வருகின்றன என்பதற்கு விடை அந்தக் கதையில்தான் இருக்கிறது.

அது என்ன கதை?

புத்தரின் முற்பிறவிகளைச் சொல்லும் ஜாதகக் கதைகளில் கடைசியானது, 547ஆவது. வெஸ்ஸந்தரர் சிவி நாட்டு இளவரசர். புறாவுக்காகத் தன் தசையை அரிந்து கொடுத்த சிபியை அறிந்த நமக்கு, அந்த நாட்டுப் பெயரைக் கேட்டதுமே கதை எங்கே போகும் என்று தெரிந்துவிடும். கேட்டவர்க்கு இல்லையென்று சொல்லாதவர் வெஸ்ஸந்தரர். மழை வரவழைக்கும் வெள்ளை யானை ஒன்று அவரிடம் இருந்தது. வறட்சியில் தவித்த கலிங்கத்தார் வந்து கேட்டார்கள், தூக்கிக் கொடுத்துவிட்டார். சொந்த நாட்டு மக்கள் கொதித்துப்போய் அவரைக் காட்டுக்கு அனுப்பினார்கள். காட்டிலும் அவர் திருந்தவில்லை. பிள்ளைகள் இருவரையும் ஒரு கிழட்டுப் பிராமணனுக்குத் தானம் செய்தார். மனைவியையும் கேட்டவருக்குக் கொடுத்தார், கேட்டு வந்தவர் இந்திரன் என்பது பிறகுதான் தெரிந்தது. கடைசியில் எல்லாரும் ஒன்று சேர, இளவரசரை ஊர்வலமாக நாட்டுக்கு அழைத்து வருகிறார்கள். பிரிய மனமில்லாமல் காட்டுப் பேய்களும் அந்த ஊர்வலத்தின் பின்னாலேயே வந்துவிட்டனவாம்.

டான் சாய் தெருவில் நீங்கள் பார்க்கப்போவது அந்த ஊர்வலத்தைத்தான். பேய்கள் யாரையும் பயமுறுத்த வரவில்லை, வழியனுப்ப வந்திருக்கின்றன.

எந்தத் தேதியில் நடக்கும்?

அச்சிட்ட காலண்டரில் தேடாதீர்கள். சாவ் போ குவான் என்று அழைக்கப்படும் ஊர்ச் சாமியாடிதான் ஆவிகளின் உத்தரவு பெற்று நாள் குறிக்கிறார். பெரும்பாலும் ஜூனிலோ ஜூலையிலோ வரும். 2023இல் ஜூன் 23 முதல் 25 வரை, 2025இல் ஜூன் 27 முதல் 29 வரை என இரண்டு முறையும் வெள்ளி, சனி, ஞாயிறாக அமைந்தது. நாள் முடிவானதும் தாய்லாந்து சுற்றுலாத் துறை அறிவித்துவிடும். அதைப் பார்க்காமல் விமான டிக்கெட் வாங்கிவிட்டு என்னிடம் வருந்திப் பயனில்லை.

சனி, ஞாயிறு மட்டும் போனால் போதாதா?

முகமூடியைப் படம் எடுப்பதுதான் நோக்கம் என்றால் சனிக்கிழமை ஒரு நாளே போதும். ஆனால் அதற்காக இரண்டு இரவு பஸ்ஸில் முதுகை ஒடித்துக்கொள்ள வேண்டுமா என்று யோசியுங்கள். வெள்ளிக்கிழமை ஒரு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வியாழன் மாலையே கிளம்புங்கள் என்பதுதான் என் ஒரே பிடிவாதம். காரணம் சொல்கிறேன்.

முதல் நாள் விடியுமுன்னே, இருட்டில், ஊரார் கூடி மான் ஆற்றங்கரைக்குப் போகிறார்கள். உபகுப்தர் என்னும் துறவி நீருக்கடியில் தவமிருக்கிறார், விழாவுக்கு இடையூறு வராமல் அவர் காப்பார் என்பது நம்பிக்கை. ஒருவர் தண்ணீரில் இறங்கி மூழ்கி ஒரு கல்லை எடுத்து, "இவர்தானா உபகுப்தர்?" என்று கேட்கிறார். "இல்லை!" என்று கரையில் இருப்பவர்கள் கத்துகிறார்கள். இன்னொரு கல். மறுபடியும் "இல்லை!" மூன்றாவதாக ஒரு வெள்ளைக் கல் வரும்போது "ஆமாம், ஆமாம்!" என்ற ஆரவாரம் எழுகிறது. அந்தக் கல்லைத் தட்டில் ஏந்தி ஊர்வலமாக வாட் போன் சாய் கோயிலுக்குக் கொண்டு வருகிறார்கள். அவ்வளவுதான் நிகழ்ச்சி. மேடை கிடையாது, ஒலிபெருக்கி அறிவிப்பு கிடையாது. மூன்று நாளில் நான் மறக்காதது இந்த அரை மணி நேரத்தைத்தான்.

முதல் முறை போனபோது இதைத் தவறவிட்டேன். இரவு பத்து மணி வண்டியில் ஏறினேன். வழியில் டயர் வெடித்தது. டான் சாய் போய்ச் சேர்ந்தபோது கல் கோயிலுக்குள் போய்விட்டிருந்தது, சூரியன் நன்றாக மேலே வந்திருந்தது. இரண்டாம் முறை முன்மாலை வண்டியைப் பிடித்து நள்ளிரவு தாண்டி இறங்கி, ஒரு கடை வாசற்படியில் இரண்டு மணி நேரம் கொசுக்கடியில் உட்கார்ந்திருந்தேன். அதற்கு ஈடாக ஆற்றங்கரைக் காட்சி கிடைத்தது.

மற்ற நாள்களில் என்ன நடக்கும்?

வெள்ளிக்கிழமை காலையே சாமியாடி வீட்டில் பாய் சி சூ குவான் சடங்கு இருக்கும். வாழையிலையால் செய்த கூம்பு அலங்காரத்தைச் சுற்றி உட்கார்ந்து, உடலை விட்டு அலைந்து போன உயிராற்றலைத் திரும்ப அழைத்து, மணிக்கட்டில் வெள்ளை நூல் கட்டுகிறார்கள். வந்தவர்களுக்கும் கட்டுவார்கள், கையை நீட்டத் தயங்காதீர்கள். காப்புக் கட்டிப் பழகிய ஊரிலிருந்து வருபவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இரண்டாம் நாள்தான் பெரிய ஊர்வலம். சாமியாடியை மூங்கில் வாணங்களின் மேல் உட்காரவைத்துத் தூக்கி வருகிறார்கள். மாலையில் வானத்துத் தெய்வத்துக்கு மழையை நினைவூட்ட அந்த வாணங்களைக் கொளுத்தி விடுகிறார்கள். பட்டாசுச் சத்தம் ஆகாதவர்கள் சற்று ஒதுங்கியே நிற்கலாம்.

மூன்றாம் நாள் பேய்கள் காணாமல் போய்விடும். பயணிகளும் பெரும்பாலும் கிளம்பிவிடுவார்கள். கோயிலில் பிக்குகள் வெஸ்ஸந்தரர் கதையின் பதின்மூன்று காண்டங்களையும் ஓதுகிறார்கள். ஒரே நாளில் முழுவதையும் கேட்டு முடிப்பவர், வரப்போகும் புத்தரான மைத்ரேயரின் காலத்தில் பிறப்பார் என்பது நம்பிக்கை. வெற்றிலை மென்றுகொண்டு பாட்டிமார்கள் பாயில் சாய்ந்தபடி கேட்டுக்கொண்டிருப்பார்கள். ஒரு சொல்லும் புரியாது. இருந்தாலும் நம்மூர்க் கோயிலில் விடிய விடியக் கதை கேட்டவர்களுக்கு அந்த இடம் அந்நியமாகத் தோன்றாது. நான் இரண்டு காண்டம் தாக்குப்பிடித்தேன்.

பாங்காக்கில் எங்கே பஸ் ஏறுவது?

சத்துசாக் பகுதியில் உள்ள வடக்குப் பேருந்து நிலையத்தில். எல்லாரும் அதை 'மோ சிட்' என்பார்கள். இங்கேதான் புதியவர்கள் ஏமாறுகிறார்கள்: மோ சிட் என்ற பெயரில் மேம்பால ரயில் நிலையமும் இருக்கிறது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இல்லை. ரயிலை விட்டு இறங்கியபின் டாக்ஸியோ மோட்டார் சைக்கிள் டாக்ஸியோ நகரப் பேருந்தோ பிடித்துத்தான் பஸ் நிலையத்துக்குப் போக வேண்டும். மாலை நெரிசலில் அந்தச் சிறு தூரமே அரை மணியை விழுங்கும். ஒரு மணி நேரம் முன்னதாகவே போய்விடுங்கள்.

லோய் போகும் வண்டிகளில் எல்லாமே டான் சாய் வழியாகப் போவதில்லை. பெட்சபூன், லோம் சாக் வழியாகப் போகும் வண்டியா என்று கேட்டு வாங்க வேண்டும். வேறு வழியில் போகும் வண்டியில் ஏறினால் நேரே லோய் நகரத்தில் இறங்குவீர்கள்; அங்கிருந்து டான் சாய் 80 கிலோமீட்டருக்கு மேல்.

எந்த வகுப்பில் போவது?

குளிர்சாதன முதல் வகுப்பே போதும். இருக்கை சாயும், தண்ணீரும் ஒரு பொட்டலம் தின்பண்டமும் தருவார்கள், வண்டிக்குள்ளேயே கழிப்பறை இருக்கும். விஐபி வண்டியில் இருக்கைகள் குறைவு, கால் நீட்ட இடம் அதிகம். முழங்கால் வலிக்காரர்கள் அதற்குக் கூடுதலாகக் கொடுப்பதில் தப்பில்லை. எதில் போனாலும் ஒரு போர்வை, ஒரு ஸ்வெட்டர், காதுக்கு ஒரு துண்டு. தாய்லாந்துக்குப் போகிறோம், குளிரா என்று கேட்டுவிட்டு அரைக்கைச் சட்டையோடு ஏறியவர்களை விடியற்காலையில் பார்த்திருக்கிறேன். அந்த ஏசியைக் குறைக்கச் சொன்னால் எந்த ஓட்டுநரும் செவிசாய்த்ததாக எனக்கு நினைவில்லை.

டிக்கெட்டில் போட்டிருக்கும் ஆண்டு தப்பாக இருக்கிறதே?

தப்பில்லை. தாய்லாந்தில் புத்த ஆண்டுக் கணக்கு. நம் ஆண்டோடு 543 கூட்ட வேண்டும். 2025 என்பது அங்கே 2568.

அதைவிட ஆபத்தானது நேரக் கணக்கு. பேச்சில் அவர்கள் இரவைத் தனியாக எண்ணுகிறார்கள், நம் சாமக் கணக்குப்போல. 'சோங் தும்' என்றால் சொல்லளவில் இரண்டு. ஆனால் அது இரவு எட்டு மணி. 'சாம் தும்' ஒன்பது மணி. 'தீ சாம்' விடியற்காலை மூன்று. வாய்வார்த்தையை நம்பாமல் டிக்கெட்டில் உள்ள 24 மணி நேரக் கணக்கைப் பாருங்கள். நள்ளிரவு தாண்டிப் புறப்படும் வண்டியாக இருந்தால் தேதியை இரண்டு முறை பாருங்கள். வெள்ளி 00.30 என்பது வியாழன் இரவு. என் நண்பர் ஒருவர் இருபத்து நான்கு மணி நேரம் தாமதமாக, பெட்டியும் கையுமாக நிலையத்தில் போய் நின்றார்.

மொத்தம் எவ்வளவு ஆகும்?

என் கணக்கைச் சொல்கிறேன், விலைகள் ஏறியிருக்கலாம். போக, வர பஸ்ஸுக்கு, தாய்லாந்து நாணயமான பாட்டில், 1,000க்குச் சற்று மேலே. இரண்டு இரவு ஒரு வீட்டின் மாடி அறையில், இன்னொருவரோடு பங்கிட்டு, என் பங்கு 700. சாப்பாடு நாளுக்கு 200 முதல் 250. உள்ளூரில் அலைய 100, கோயில் உண்டியலில் 100. ஆக 2,700 பாட்டுக்குள் முடிந்தது. ஒரு பாட் இரண்டரை ரூபாய்க்குக் குறையாது என்று வைத்துப் பெருக்கிக்கொள்ளுங்கள். முகமூடி வாங்கிய காசை இதில் சேர்க்கவில்லை, வீட்டிலும் சொல்லவில்லை.

தங்க இடம் கிடைக்குமா?

இதுதான் உண்மையான சிக்கல். ஊர் சிறியது, விடுதிகள் விரல்விட்டு எண்ணக் கூடியவை. தேதி அறிவித்த வாரத்திலேயே நிரம்பிவிடும்; விலையும் ஏறிவிடும். உள்ளூர்க் குடும்பங்கள் வீட்டிலேயே அறை தருகிறார்கள், சிக்கனத்துக்கு அதுவே சரி. தரையில் மெத்தை, ஒரு மின்விசிறி, பொதுக் குளியலறை. விடியற்காலையில் வீட்டுக்காரப் பாட்டி பிக்குகளுக்குச் சோறு இட எழும்போது நீங்களும் எழுந்துவிடுவீர்கள்.

கிடைக்காவிட்டால் பூ ருவா முப்பது கிலோமீட்டர் சொச்சம். லோம் சாக் ஏறத்தாழ அதைப்போல் இரு மடங்கு. ஆனால் அங்கே தங்கினால் விடியற்காலைச் சடங்குக்கு வர வண்டி கிடைக்காது, நான் மேலே பிடிவாதம் பிடித்ததெல்லாம் வீண்.

சைவச் சாப்பாடு கிடைக்குமா?

கிடைக்கும், கொஞ்சம் போராட வேண்டும். அந்தப் பக்கத்துச் சமையலில் மீன் சாறும் ஊறவைத்த மீனும் உப்புக்குப் பதிலாகவே விழும். 'கறி இல்லை' என்று அவர்கள் சொல்வதில் மீன் சாறு கணக்கில் வராது. "மாய் சாய் நாம் பிளா, மாய் சாய் பிளா ரா" என்று இரண்டையும் சொல்லி மறுக்க வேண்டும். பப்பாளிக்காய் சாலட் கேட்பவர்கள் அதில் உலர்ந்த இறால் வேண்டாம் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். 'ஜே' என்ற எழுத்து போட்ட மஞ்சள் பலகை உள்ள கடை கிடைத்தால் கவலையில்லை. அங்கே பூண்டு, வெங்காயம்கூட இருக்காது.

என் வயிறு நம்பியது ஒட்டரிசிச் சோறு, சுட்ட வாழைப்பழம், அவித்த சோளம், மூங்கில் குழாயில் வேகவைத்த தேங்காய்ப்பால் அரிசி ஆகியவற்றைத்தான். முட்டை சாப்பிடுபவர்களுக்குக் கூடுதல் வாய்ப்பு: ஒட்டரிசியை உருட்டித் தணலில் சுட்டு முட்டை தடவி மறுபடி சுடும் 'காவ் ஜீ'. வீட்டிலிருந்து ஊறுகாய்ப் பாட்டில் கொண்டு போங்கள். ஒட்டரிசிக்கு எலுமிச்சை ஊறுகாய் எப்படிப் பொருந்துகிறது என்பதை அந்த வீட்டுப் பாட்டியும் ஒப்புக்கொண்டார்.

அந்த முகமூடி எதனால் செய்தது?

ஒட்டரிசி வேகவைக்கும் மூங்கில் கூடைதான் தலைப்பகுதி. அதைக் கவிழ்த்து மேல்நோக்கி மடித்தால் தொப்பியாகிவிடும். முகம் தென்னை மட்டையின் அகன்ற அடிப்பகுதி. கண்ணுக்கும் வாய்க்கும் துளையிட்டு, லேசான மரத்தில் மூக்கைச் செதுக்கி ஒட்டுகிறார்கள். பழைய முகமூடிகளில் மூக்கு சிறியது, இப்போது யானைத் துதிக்கைபோல வளைந்து நீண்டுவிட்டது. உடம்புக்குக் கந்தல் துணிகளைத் தைத்த அங்கி, இடுப்பில் மாட்டு மணி. பேய் வருவதை முதலில் சொல்வது அந்த மணிதான். அடுக்களையிலும் தோப்பிலும் கிடந்ததைக் கொண்டே ஒரு பேயைச் செய்துவிட்டார்கள். வாட் போன் சாய் கோயில் வளாகத்தில் இதற்கென அருங்காட்சியகமே இருக்கிறது. மழை கொட்டும்போது ஒதுங்க அதைவிட நல்ல இடம் இல்லை.

குழந்தைகளோடு போகலாமா?

போகலாம், ஆனால் ஒன்றை முன்பே தெரிந்துகொள்ளுங்கள். பல பேய்களின் கையில் இருக்கும் மரவாளின் பிடி ஆண்குறி வடிவில் இருக்கும். ஆணும் பெண்ணுமாக வரும் ஆளுயரத்துக்கும் மேலான பெரிய மூங்கில் உருவங்களில் உறுப்புகள் ஒளிவுமறைவின்றிச் செய்யப்பட்டிருக்கும். பேய்கள் அதைக் காட்டிப் பெண்களைச் சீண்டும், பாட்டிமார்கள் பதிலுக்கு அதைவிட மோசமாகச் சொல்லிச் சிரிப்பார்கள். மழை, விதைப்பு, விளைச்சல் எல்லாம் வேண்டி நடக்கும் விழா. வளமைக்கான குறிகள் அவை. உள்ளூர்க் குழந்தைகள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. சங்கடப்படுவது நாம்தான். உங்கள் பிள்ளை சத்தமாகக் கேள்வி கேட்கும் வயதில் இருந்தால் பதிலைப் பஸ்ஸிலேயே தயார் செய்துகொள்ளுங்கள்.

வெண்மையான அரிசிச் சாராயமும் தாராளமாக ஓடும். கோப்பையை நீட்டுபவரிடம் கும்பிட்டுச் சிரித்து மறுத்தால் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

சிவப்பு உடுத்தக் கூடாது என்கிறார்களே?

விழாவுக்கு அல்ல, பிரா தாட் சி சோங் ராக் என்னும் பௌத்தத் தூபிக் கோபுரத்துக்கு. ஊருக்கு வெளியே மான் ஆற்றின் அருகே இருக்கிறது, கட்டாயம் பாருங்கள். அயுத்தயா மன்னர் மகா சக்ரபாத்தும் லாவோ நாடான லான் சாங்கின் மன்னர் செத்தாதிராத்தும் பர்மியப் படையெடுப்புக்கு எதிராகக் கைகோத்ததன் அடையாளமாக 1560 முதல் 1563 வரை கட்டியது. நட்புக்கு எழுப்பிய இடத்தில் இரத்தத்தின் நிறம் ஆகாது. சட்டை, பை, பூ எதுவும் சிவப்பில் கூடாது.

இதையெல்லாம் படித்துவிட்டு வெள்ளைச் சட்டையில் பெருமையாகப் போனேன். கையில் இருந்த குடை சிவப்பு. அதை வாசலில் விட்டுவிட்டு, நல்ல மழையில் கோபுரத்தைச் சுற்றி வந்தேன்.

விசா?

விதிகள் அடிக்கடி மாறுவதால் கிளம்புமுன் தூதரக அறிவிப்பைப் பாருங்கள். 2025 மே 1 முதல் எல்லா வெளிநாட்டினரும் வருகைப் படிவத்தை, வந்திறங்குவதற்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். அது இலவசம், பணம் கேட்கும் தளம் என்றால் மூடிவிடுங்கள். இரவு வண்டிகளைச் சோதனைச் சாவடிகளில் நிறுத்துவதுண்டு, அசல் பாஸ்போர்ட் கைப்பையில் இருக்கட்டும்.

திரும்பி வருவது எப்படி?

டான் சாயில் இறங்கியதும் முதல் வேலை திரும்பும் டிக்கெட் வாங்குவது. காபிகூட அப்புறம்தான். பாங்காக் வண்டிகள் லோயிலிருந்து நிரம்பியபடிதான் வரும். ஞாயிறு மாலை வந்து கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள். அப்படி மாட்டிக்கொண்டால் பிட்சனுலோக் போகும் வண்டியில் ஏறிவிடுங்கள். அது பெரிய சந்திப்பு. அங்கிருந்து பாங்காக்குக்குப் பஸ்ஸும் உண்டு, ரயிலும் உண்டு. ஞாயிறு இரவு ஏறினால் திங்கள் விடியலில் மோ சிட். குளித்துவிட்டு அலுவலகம் போகலாம். அன்று முக்கியமான கூட்டம் எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

முகமூடி வாங்கி வரலாமா?

வாங்கலாம். முன்பெல்லாம் விழா முடிந்ததும் முகமூடியையும் அங்கியையும் ஆற்றில் விட்டுவிடுவார்களாம், வந்த கெட்டது அதோடு போகட்டும் என்று. இப்போது வைத்துக்கொள்கிறார்கள், விற்கவும் செய்கிறார்கள். உள்ளங்கை அளவு பொம்மை முகமூடி மலிவு; ஆடிய முகமூடியே வேண்டுமென்றால் விலை பேச வேண்டும், அதற்கு ஞாயிற்றுக்கிழமை நல்ல நாள். மூக்கு கழற்றி மாட்டும் வகையா என்று கேளுங்கள். என்னுடையது அப்படி இல்லை. மேலே பெட்டி வைக்கும் தட்டில் அது அடங்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டே வந்தேன். பக்கத்து இருக்கைக்காரர் லோம் சாக் தாண்டியதும் அந்த மூக்கின் மேல் தலையைச் சாய்த்துத் தூங்கிப்போனார், பாங்காக்குக்கு முன்னால் வரும் சரபுரி வரை எழவில்லை.